நூற்றிருபதாவது வீடு

கோக்யாங் வட்டத்தின் படம் வட்ட அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. ஆறு குறுவட்டங்கள், ஐம்பத்தெட்டு கிராமங்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் அதன் குறுவட்டத்துக்குள் ஓர் எண். எண் இருக்கிற ஊருக்கு ஊர்த்தலைவர் உண்டு, தலைவருக்குக் காக்கி உடுப்பு உண்டு, மாதத்துக்கு ஒரு கூட்டம் உண்டு. கூட்டத்தில் கை தூக்கிக்கொண்டே இருந்தால் கிணறோ, ரோடோ, பாலமோ என்றைக்காவது ஒருநாள் வந்து சேரும். எண் இல்லாத இடங்களும் அந்தப் படத்தில் இருக்கின்றன. ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு புள்ளி, பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பேர். டோன்போ அப்படி ஒரு புள்ளி.

லாம் ஓடைக்கு இந்தப் பக்கம் டோன்போ, அந்தப் பக்கம் நாசாய். கணக்குப்படி இரண்டும் ஒரே கிராமம், எண் நான்கு. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், ஊர்த்தலைவர் வீடு, காலையில் சேதி சொல்கிற ஒலிபெருக்கி எல்லாம் நாசாயில். டோன்போவுக்கு வந்து சேர்வது ஒலிபெருக்கியின் சத்தம் மட்டும்தான், அதுவும் காற்று இந்தப் பக்கம் அடித்தால். மழைக்கால மூன்று மாதம் ஓடை கரை புரண்டு ஓடும். பிள்ளைகள் படகில்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படகு கவிழ்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள் என்பது பெரிய புண்ணியம். புவாலாவின் மகள் நுய்யை மட்டும் அரைமணி நேரம் காணவில்லை. கடைசியில் ஒரு மூங்கில் புதரைக் கட்டிப்பிடித்தபடி கண்டுபிடித்தார்கள். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து மழை பெய்தால் புவாலாவுக்குச் சோறு இறங்காது.

பாலம் கேட்டுப் போனார்கள். கிராமத்துக்குத்தான் பாலம், கிராமத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற குடியிருப்புக்குக் கிடையாது என்று வட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படியானால் எங்களைத் தனிக் கிராமமாக்குங்கள் என்று கேட்டார்கள். ஆக்கலாம், நூற்றிருபது வீடு இருந்தால் என்றார்கள். வீடு என்றால் நேற்றுப் போட்ட குடிசை இல்லை. மூன்று வருஷமாவது ஆன, வீட்டுப் புத்தகத்தில் எண் ஏறிய வீடு. டோன்போவின் உதவித் தலைவன் வந்தா இரண்டு வருஷம் மோட்டார் சைக்கிளில் அலைந்து, கோழிக்கூடு தவிர மற்ற எல்லாவற்றையும் எண்ணி, சரியாக நூற்றிருபது என்று கோப்பைக் கட்டிக் கொடுத்திருந்தான்.

ஐப்பசி மாதத்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் புவாலா வீட்டுக்கு அடியில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து வீடுகள் மரக்கால்களின் மேல் ஆள் உயரத்துக்கு நிற்பவை. தூங்குவதும் சமைப்பதும் மேலே, மற்ற வேலையெல்லாம் அடியில். வயல் தண்ணீர் வடிகிற நேரம் அது, பொடிமீன் கூடை கூடையாகக் கிடைக்கும். உப்பும் வறுத்த தவிடும் போட்டுப் பிசைந்து சாடியில் அடைத்துவிட்டால் வருஷம் பூராவும் குழம்புக்கும் தொட்டுக்கொள்ளவும் ஆகும். முழங்கை வரை செதிளாக இருந்தாள்.

வந்தா வண்டியை ஸ்டாண்டு போடாமல் தூணில் சாய்த்துவிட்டு வந்தான்.

"நுய் அம்மா, தண்ணி குடுங்க."

பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"என்ன தம்பி, நூத்திருபதும் சரியா வந்துச்சா?"

"நூத்திப்பத்தொம்பது."

"அய்யய்யோ. யாரு வீடு விட்டுப்போச்சு?"

வந்தா அண்ணாந்து, தன் தலைக்கு மேலிருந்த பலகைத் தரையைப் பார்த்தான்.

"இதுதான்."

"எது?"

"இந்த வீடுதான். நேத்து சர்வேக்காரப் பசங்க வாய்க்கா ஓரமா சிவப்பு பெயிண்ட் அடிச்ச முளை அடிச்சாங்கல்ல? அதுதான் எல்லையாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நம்ம கோக்யாங் வட்டம். இந்தப் பக்கம் பாக்லாம் வட்டம். நீங்க பாக்லாம்ல குடியிருக்கீங்க."

"ஒம்பது வருஷமா நாசாய் புஸ்தகத்துல இருக்கோம்டா! நம்பர் தகடு பாரு, தூண்ல அடிச்சிருக்கு!"

"தகடு சரியாத்தான் இருக்குங்க. வீடுதான் தப்பா நிக்குது."

வாய்க்கால் என்பதே மரியாதைக்குச் சொல்வது. முழங்கால் ஆழம்கூட இல்லாத பழைய பள்ளம். எருமை யோசிக்காமல் தாண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புவாலாவின் புருஷன் கம்தன் வீடு கட்ட இடம் அளந்தபோது, கோக்யாங் பக்கத்தில், நடுத்தூண் வரவேண்டிய இடத்தில் ஒரு கறையான் புற்று இருந்தது. புற்றை இடிப்பதா? அந்த ஊரில் அரசாங்கத்தை ஏமாற்றுகிறவன்கூடப் புற்றை இடிக்க மாட்டான். உள்ளே இருப்பவர் கோபித்துக்கொள்வார். கம்தன் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, வாய்க்காலைத் தாண்டி இருபது எட்டு தள்ளிக் கட்டினான். நாசாய் ஊர்த்தலைவர் பூமி தன் வீட்டுப் பெஞ்சியில் உட்கார்ந்தபடியே புத்தகத்தில் எண் போட்டுக் கொடுத்தார். இரண்டு வட்டத்துக்கு நடுவில் புற்று இப்படி நியாயம் தீர்க்கும் என்று யாருக்குத் தெரியும்?

எருமையை ஓட்டிக்கொண்டு வந்த கம்தன் விஷயத்தைக் கேட்டதும் கயிற்றைக் கீழே போட்டான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி கேன்ஜனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு மூக்குக்கும் முன்னால் காது நீண்டிருக்கும். இடுப்புத் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியபடி பள்ளத்தைத் தாண்டி வந்துவிட்டாள்.

"நல்லா இருக்குய்யா! உன் புருஷன் புத்துக்குப் பயந்ததுக்கு ஒரு ஊரே நம்பர் இல்லாம கெடக்கணுமா? பாக்லாம்காரியா நீ? அப்ப நாளையிலேருந்து உப்பு, மொளகா எல்லாம் அங்கேயே போயிக் கடன் கேளு."

கம்தனுக்குச் சுருக்கென்றது. "நீங்களா இருந்தா புத்தை இடிச்சிருப்பீங்களாக்கா?"

"நானா? எனக்கென்ன பைத்தியமா?"

"அப்புறம் என்னத்துக்கு வாயி?"

"வாயி இருக்கு, பேசறேன்."

வந்தா இரண்டு கையையும் தூக்கினான். "சண்டைய அப்புறம் போடுங்க. துணை வட்டாட்சியர் பிதக் இருக்காரே, அவரு சனிக்கிழமை காலைல நேர்ல வந்து எண்ணுறாராம். திங்கக்கிழமை கோப்பு மாகாண ஆபீசுக்குப் போவுது. இந்தத் தடவை விட்டா இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் புதுக் கிராமமே கிடையாதுன்னு பேச்சு. நான் கால்ல விழாத குறை. அவரு சொன்னதை அப்படியே சொல்றேன். 'நான் வரும்போது, பழைய நம்பர் உள்ள வீடு, அடுப்பு எரியற வீடு, நூத்திருபது எல்லைக்குள்ள நிக்கணும். வேற எதையும் நான் கேக்க மாட்டேன்.'"

அஞ்சு வருஷம் என்ற சொல்லை புவாலா மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். அஞ்சு மழைக்காலம். நுய்க்குப் பதினஞ்சு வயசாகும் வரை தினம் போக ஒருதரம், வர ஒருதரம். நுய் மட்டுமா, டோன்போவின் நாற்பத்து மூன்று பிள்ளைகள். இனி எந்தத் தாய் கரையில் நின்று காத்திருந்தாலும் இந்த வீட்டைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. மீன் அரிகிற கத்தி கையிலேயே இருந்தது.

"நிக்கணும்னுதானே சொன்னாரு?" என்றாள்.

"ஆமா."

"கேன்ஜன் அக்கா, போன கோடையில உங்க நெல் களஞ்சியத்தைத் தண்ணி ஏறாத மேட்டுக்குத் தூக்கிட்டுப் போனோமே. எத்தனை பேரு தூக்கினோம்?"

"முப்பது பேரு. ரெண்டு சாராயப் பாட்டில்."

"அதுக்கு நாலு கால். இதுக்குப் பன்னெண்டு."

கம்தன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். "ஏய், நுய் அம்மா. வீட்டையா?"

"பின்ன? அது நடந்து போகுமா? நாமதான் தூக்கணும்."

வந்தா தரையில் குந்தி உட்கார்ந்து குச்சியால் கோடு போட ஆரம்பித்தான். வாய்க்கால் இங்கே, புற்று இங்கே. வாய்க்காலுக்கும் புற்றுக்கும் நடுவில் வீடு கொள்ளாது. புற்றைச் சுற்றிக் கொண்டுபோனால் அந்தப் பக்கம் சமதளமாக நல்ல இடம் இருந்தது. நல்ல இடம் என்பதால்தான் கேன்ஜன் அதில் கத்தரி போட்டிருந்தாள். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? ஏழு பாத்தி! ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் பறிக்கணும்!"

கேன்ஜன் அந்தக் குச்சிக் கோட்டைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு வந்தாவின் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி, சதுரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள்.

"வாசல் இப்படிக் கிழக்கே பாக்கணும். ஓடை தெரியும். நாளைக்குக் காலைல பறிக்க நாலு பேரை அனுப்புங்க. ஒரு பிஞ்சு மிதிபட்டாலும் சும்மா இருக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே டோன்போ முழுக்கப் புவாலா வீட்டடியில் கூடிவிட்டது. கூரைத் தகரங்களைக் கழற்றி இறக்கினார்கள். தண்ணீர்ச் சாடிகளைக் கவிழ்த்தார்கள். நாலு பேர் ஒரு தூண் என்று சுற்றி நின்று தோண்டினார்கள். ஒன்பது வருஷ மண் தூணை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மூங்கில் தோப்பிலிருந்து தொடைக் கனத்து மூங்கில்கள் வந்தன. தூண்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, தோள் உயரத்துக்குக் கயிறு போட்டு முறுக்கிக் கட்டினார்கள். கட்டுகிற ஆண்களுக்கு ஆளுக்கொரு அபிப்பிராயம். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்று பெண்கள் பாதிக் கட்டுகளைத் தாங்களே போட்டார்கள்.

அந்தப் பக்கம் கத்தரி பறிப்பு. இந்தப் பக்கம் உரலில் பப்பாளிக்காய் இடிக்கிற சத்தம். தவளை சுட்ட வாசனை. ஒட்டரிசிச் சோற்றைப் பிடி பிடியாக உருட்டி, இடித்த பப்பாளிக்காயைத் தொட்டுக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டார்கள். உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தா ஆட்களை எண்ணினான். இளவட்டங்கள் பாதிப் பேர் தலைநகரத்தில் கொத்து வேலையில் இருந்தார்கள். தோள் கொடுக்கக்கூடியவர்கள் தொண்ணூற்றாறு. அது போதாது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பகல் இரண்டு மணிக்குத் தூக்கிப் பார்ப்பது என்று பேச்சு. ஒன்றரைக்கு வானம் இருண்டது, இரண்டுக்கு மழை கொட்டியது. கூரை இல்லாத வீட்டுக்கு அடியில், தோண்டிய தூண்களுக்கு நடுவில் ஊரே ஒண்டி நின்றது. விட்டபோது சாயங்காலமாகிவிட்டது. வாய்க்காலில் விளிம்பு வரை தண்ணீர்.

"நாளைக்கு விடியக்காலம் தூக்கிடலாம்" என்றான் வந்தா. "ஆபீசர் ஊரோட அந்தக் கோடியிலேருந்து எண்ணிட்டு, இங்க பத்து மணிக்குத்தான் வருவாரு."

"நாளைக்கு என்ன கிழமை?" என்று கேன்ஜன் கேட்டாள்.

அவ்வளவுதான். நனைந்த ஊர் இன்னும் கொஞ்சம் நனைந்த மாதிரி ஆயிற்று. சனிக்கிழமை புதுவீடு புகுவது அங்கே கிடையாது. செத்தாலும் கிடையாது. புகுந்த வீட்டில் மூணு மாசத்துக்குள் பாடை கட்ட வேண்டிவரும் என்பார்கள். ஏழு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். கம்தன் தலையைக் குனிந்துகொண்டான். புற்றை மதித்தவன் சனிக்கிழமையை மதிக்காமல் இருப்பானா?

"சனிக்கிழமை தூக்கி வச்சிட்டு, ஞாயித்துக்கிழமை குடி போயேன்" என்று ஒருத்தி சொன்னாள்.

"அடுப்பு எரியணும்னு சொல்லியிருக்காரே ஆபீசர்" என்றான் வந்தா. "ஆள் இல்லாத வீட்டை வீடுன்னு எழுத மாட்டாரு."

புவாலா படியில் ஏறி நின்றாள். சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. இது புதுவீடா, பழைய வீடா? புதுவீடுன்னா ஆபீசர் கணக்குல சேக்க மாட்டாரு, நாம கஷ்டப்பட்டுத் தூக்கவே வேணாம். பழைய வீடுன்னா சனிக்கிழமைக்கு என்ன வந்துச்சு? அரசாங்கத்துக்குப் பழைய வீடு, சாமிக்குப் புதுவீடா?"

"வீடு பழசுதான்" என்றாள் கேன்ஜன், விடாமல். "மண்ணு புதுசு. புது மண்ணுல நின்ன வீட்டுக்குள்ள சனிக்கிழமை கால் எடுத்து வச்சா அது புகுறதுதான். நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்டி. உனக்கு ஒண்ணுன்னா நான் யாரோட சண்டை போடுவேன்?"

இதைச் சொல்லும்போது கேன்ஜனின் முகத்தில் நையாண்டி இல்லை. அதனால்தான் புவாலாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. படியில் நின்றபடியே யோசித்தாள். கால் எடுத்து வைத்தால்தானே புகுவது?

"சரி. நான் உள்ள கால் எடுத்து வைக்க மாட்டேன்" என்றாள். "ஏன்னா நான் வெளியவே வர மாட்டேன். இப்ப மேல ஏறுறேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, வீடு பழைய இடத்துல நிக்குது. நாளைக்கு என்னையும் அடுப்பையும் சேத்துத் தூக்குங்க. நான் எங்கயும் புகல. இருக்கிற இடத்துலதான் இருக்கேன்."

கூட்டம் கேன்ஜனைப் பார்த்தது. இந்த விஷயத்தில் அவள்தான் நீதிமன்றம். கேன்ஜன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். மறுபடி மாற்றினாள்.

"அதுல தப்பு சொல்ல முடியாது" என்றாள்.

புவாலா மேலே ஏறிவிட்டாள். நுய் தானும் வருவேன் என்று அழுதாள். கனம் கூடும் என்று கேன்ஜன் அவளைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது புவாலா அடுப்பைப் பற்றவைத்தாள். மண் அடுப்பைச் சுவரோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். ஊறவைத்த ஒட்டரிசியை மூங்கில் கூம்பில் போட்டு ஆவிப்பானையின் மேல் வைத்தாள். தலைக்கு மேல் கூரை இல்லை, வானம் தெரிந்தது. கீழே கம்தன் கடைசித் தடவையாகக் கயிறுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்ணூற்றாறு பேரும் வந்து நின்றிருந்தார்கள்.

அப்போதுதான் ஓடைப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது.

நாசாய் வந்துகொண்டிருந்தது. படகு படகாக ஓடையைத் தாண்டி, சேற்றில் கால் புதைய, ஆணும் பெண்ணுமாக எழுபது எண்பது பேர். முன்னால் ஊர்த்தலைவர் பூமி. காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு, கால்சட்டையைத் தொடை வரை சுருட்டியிருந்தார். டோன்போ பிரிந்துபோனால் அவர் ஊர் பாதியாகும், கூட்டத்தில் அவர் பேச்சின் கனமும் பாதியாகும். அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"என்ன தலைவரே, எங்களை வழியனுப்ப வந்தீங்களா?" என்று கேன்ஜன் கேட்டாள்.

"வாயை மூடும்மா. ஒம்பது வருஷம் முன்னாடி எந்திரிச்சு வந்து பாக்காம நம்பர் போட்டவன் நான். நான் எழுதுனதை நானே சொமக்கறேன், விடு." அண்ணாந்து, "புவாலா! அடுப்பு எரியுதா?" என்றார்.

"எரியுது மாமா!"

"கெட்டியாப் பிடிச்சுக்க!"

நூற்றெழுபது பேர் மூங்கில்களுக்கு அடியில் குனிந்து நுழைந்தார்கள். மேளம் மூன்று தரம் அடித்தது. மூன்றாவது அடியில் எல்லோரும் ஒரே மூச்சில் கத்தினார்கள். பலகைகள் எல்லாம் முனகின. புவாலா நடுத்தூணைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தரம் கத்தினார்கள். அவள் வயிற்றுக்குள் ஏதோ மிதந்தது. கண்ணைத் திறந்தபோது சன்னலுக்கு வெளியே இருந்த தென்னைமரம் நகர்ந்துகொண்டிருந்தது.

"போவுது! போவுது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி அவளே கத்திவிட்டாள்.

கீழே இருந்து பூமியின் குரல் மட்டும் வந்தது. "இடது பக்கம் வேகம் குறைங்கடா! இது என்ன ஊர்வலமா? வலது பக்கம் வா... வா... கம்தா, உன் வீட்டை நீயும் கொஞ்சம் தூக்குடா!"

"தூக்கிட்டுத்தான் இருக்கேன் தலைவரே, உங்க வயிறு இடிக்குது!"

சிரித்ததில் வீடு குலுங்கியது. சிரிக்காதீர்கள் என்று யாரோ கெஞ்சினார்கள்.

வாய்க்கால் வந்தது. முன்னால் இருந்தவர்கள் தண்ணீருக்குள் இறங்கியதும் வீடு முன்பக்கம் சாய்ந்தது. பரணிலிருந்து பாய், பாத்திரம், நுய்யின் பள்ளிக்கூடப் பை எல்லாம் சரிந்து வந்தன. ஆவிப்பானை அடுப்பின் மேல் ஆடியது. புவாலா தூணை விட்டுவிட்டுப் பாய்ந்து, சுடச்சுட அதைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் கீழே மூங்கில் ஒன்று படாரென்று பிளந்தது. வலது மூலை இறங்கியது. அடியில் இருந்தவர்களின் குரல் அலறலாக மாறியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். ஆட்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பில் வீடு, எண், பாலம் எல்லாமே ஒரு நொடி அவளுக்கு மறந்துபோனது.

"கரையில நிக்கிற கழுதைங்களா, வேடிக்கையா பாக்கறீங்க?" இது கேன்ஜன். "வாங்கடி எல்லாரும்! தூணுக்கு அடியில தோளைக் குடுங்க!"

கூடையும் குழந்தையுமாக நின்றிருந்த பெண்கள் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். மூங்கில் போனால் என்ன, தூணையே தோளில் ஏந்தினார்கள். கேன்ஜன் அந்த வலது மூலைத் தூணுக்கு அடியில் நின்று, தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே தூக்கினாள். மூலை நிமிர்ந்தது. வீடு ஒரு தள்ளாட்டத்தோடு அக்கரை ஏறியது. சிவப்பு முளையைத் தாண்டியபோது மேளக்காரன் மேளத்தை விட்டுவிட்டு வெறுங்கையைத் தட்டிக் குதித்தான்.

புற்றைச் சுற்றிப் போகும்போது எல்லோரும் தாமாகவே குரலைத் தணித்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷம் கழித்து அவர் வழியாகவே வீடு போகிறது, என்ன நினைக்கிறாரோ. கம்தன் தோளில் மூங்கிலோடே புற்றைப் பார்த்துத் தலை தாழ்த்தினான். கத்தரிப் பாத்தியில் வெட்டி வைத்திருந்த பன்னிரண்டு குழிகளுக்குள்ளும் பன்னிரண்டு தூணும் இறங்கின. இறங்கியதும் மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். கூரைத் தகரங்கள் ஏறின. ஆணி அடிக்க ஏறியவர்கள் ஏணி வைத்து வெளிப்பக்கமாகவே ஏறினார்கள். வீட்டுக்குள் ஒரு கால்விரல்கூட வைக்கவில்லை.

துணை வட்டாட்சியர் பிதக் பத்தரை மணிக்கு வந்தார். முப்பது வயசு இருக்கும், கண்ணாடி போட்டவர், முழங்கால் வரை சேறு. காலையிலிருந்து நூற்றுப்பத்தொன்பது வீடு எண்ணிய களைப்பு முகத்தில் தெரிந்தது. வந்து நின்று வீட்டைப் பார்த்தார். தூண்களில் முழ உயரத்துக்குக் காயாத செம்மண் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். வாசலில் நசுங்கிக் கிடந்த கத்தரிச் செடியைப் பார்த்தார். வாய்க்காலுக்கு அப்பால் வரிசையாகத் தண்ணீர் நிரம்பிக் கிடந்த பன்னிரண்டு குழிகளையும் பார்த்தார். சுற்றிலும் இருநூறு பேர், தோள் சிவந்து, சேறு அப்பி, கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி அமைதியாக நின்றார்கள்.

"இந்த வீடு எப்பக் கட்டினது?"

"ஒம்பது வருஷம் ஆச்சுங்க ஐயா" என்றாள் புவாலா, மேலே தாழ்வாரத்திலிருந்து.

"இங்கேயா?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "வீட்டுக்கு ஒம்பது வருஷங்க. இங்க வந்து மூணு மணி நேரம். நான் நேத்துலேருந்து இறங்கவே இல்லைங்க. வீடு எங்க நிக்குதோ அங்க இருக்கேன்."

கூட்டத்தில் யாரோ பல்லைக் கடித்தார்கள். வந்தா கையைப் பிசைந்தான். பிதக் கோப்பைத் திறந்தார், மூடினார்.

"அடுப்பு எரியணுமே. மேல வந்து பாக்கலாமா?"

"வேணாங்க ஐயா!" இருநூறு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அவர் திடுக்கிட்டு ஓரடி பின்னால் வைத்தார்.

"சனிக்கிழமைங்க" என்று பூமி காதோடு சொன்னார்.

பிதக் கோக்யாங்கில் பிறந்தவர்தான். படியை விட்டு இன்னும் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். புவாலா உள்ளே போய், ஆவிப்பானையிலிருந்து சோற்றைப் பனையோலைப் பெட்டியில் கொட்டி, பெட்டியைக் கயிற்றில் கட்டித் தாழ்வாரத்திலிருந்து இறக்கினாள். பெட்டி அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. திறந்தார். ஆவி கண்ணாடியை மறைத்தது. கண்ணாடியைத் துடைக்காமலே ஒரு பிடி உருட்டி வாயில் போட்டார். கேன்ஜன் ஓடிப்போய் ஊறல் மீன் தொக்கைக் கொண்டுவந்து நீட்டினாள். அதையும் தொட்டுக்கொண்டார்.

"பழைய நம்பர் இருக்கு" என்றார், தூணில் இருந்த தகட்டைத் தொட்டு. "அடுப்பு எரியுது." முளை வரை தானே எட்டுப் போட்டு எண்ணி, திரும்பி வந்தார். "எல்லைக்குள்ள நிக்குது. மத்ததை நான் கேக்க மாட்டேன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன்." பேனாவைத் திறந்து, நின்றபடியே எழுதினார். "நூத்திருபது. நீங்க ஒம்பதாம் நம்பர் கிராமம் ஆகப்போறீங்க. பாலத்துக்குத் தனியா மனு குடுங்க, நானே கொண்டுபோறேன்."

எழுந்த சத்தத்தில் கோக்யாங் வட்டத்தின் ஆறு குறுவட்டத்துக்கும் சேதி போயிருக்கும். கம்தன் பூமியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். கேன்ஜன் ஒரு நசுங்கிய கத்தரிச் செடியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள். மேளம் நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி முழங்கியது. புவாலா தாழ்வாரத்துக் கம்பைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷத்தில் அழுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"இறங்கி வாடி!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"இறங்காதே!" என்று கேன்ஜன் அலறினாள். "இறங்கினா மறுபடி ஏறணும்! ஏறினா புகுறதாயிடும்! நாளைக்கு வரைக்கும் அங்கேயே கெட!"

ஆகவே விருந்து முழுக்கப் புவாலா மேலேயே இருந்தாள். சுட்ட கோழியும் சாராயக் கிண்ணமும் கயிற்றுப் பெட்டியில் அவளிடம் ஏறி ஏறி இறங்கின. புருஷனும் மகளும் கேன்ஜன் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். ஒரு வட்டத்தையே ஆளுகிற மகாராணிக்குக்கூட இப்படி ஒரு நாள் கிடைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்ததும் கம்தன் படியை நன்றாக ஊன்றி வைத்தான். புவாலா இறங்கினாள். கடைசிப் படியில் ஒரு கணம் நின்று, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக மண்ணில் வைத்தாள். மண் ஈரமாக, கத்தரி வேர் வாசனையோடு இருந்தது. அவள் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. நுய்யின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடைக்கரைக்கு நடந்தாள். ஊர் பின்னாலேயே வந்தது.

அக்கரையில் பூமி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் ஒரு மூங்கில் கம்பைத் தூக்கிக் காட்டினார்.

"இங்கேருந்து நேரா அங்க!" என்று கத்தினார். "சரியா இருக்குமா?"

"இன்னும் நாலு எட்டு மேல வாங்க மாமா! அங்கதான் கரை உசரம்!"

அவர் நாலு எட்டு நடந்து கம்பை ஊன்றினார். வந்தா இந்தக் கரையில் ஒரு முளையை அடித்தான். நடுவில் பழுப்புத் தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நுய் அந்த முளையின் பக்கத்தில் போய் நின்று, பாலத்தில் முதலில் நடக்கப்போவது நான்தான் என்று இரண்டு கரைக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.